கொதித்தும் வெளுக்காத சாயம்

இளைத்துவிடுவது என்று தீர்மானம் செய்தேன்.

செய்தேன் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். தீர்மானம் செய்தவர் டாக்டர் ராஜையன். அதை ஆமோதித்தவள் என் மனைவி லலிதாம்பாள். நான் அந்தச் சமயம் டாக்டரின் தராசு மேல் நின்றுகொண்டிருந்தேன். முள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து எனக்கே மூச்சு வாங்கியது.

"சாமி, உங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்தி" என்றார் டாக்டர்.

"கல்யாணமான நாளிலேர்ந்து நானும் இதைத்தானே சொல்லிண்டிருக்கேன்" என்றாள் லலிதா. "நான் சொன்னா ஏறலை."

ராஜையன் சீமையில் படித்துவிட்டு வந்து திருவனந்தபுரத்தில் புதிதாக வைத்தியசாலை திறந்தவர். அவருடையது தலைகீழ் வைத்தியம். சோறு கூடாது. சர்க்கரை கூடாது. கிழங்கு, பழம் எதையும் கண்ணால் பார்க்கக் கூடாது. வெண்ணெய் தின்னலாம். நெய் குடிக்கலாம். பாலாடை, தேங்காய், எதற்கும் தடையில்லை.

"நெய் சாப்ட்டா இளைக்குமா டாக்டர்?"

"சோறு கிடைக்காட்டா உடம்பு தன் கொழுப்பையே எடுத்து எரிக்கும். எரியுதா இல்லையான்னு வீட்டிலேயே பார்த்துக்கலாம். காலையில் சிறுநீரைக் கொஞ்சம் இந்தக் கண்ணாடிக் குழாயில் பிடிச்சு, இந்த இரும்புத் திராவகத்தை மூணு துளி விடுங்க. மாதுளம்பழச் சாறு மாதிரி சிவந்தா எரியுதுன்னு அர்த்தம்."

"சிவக்காட்டா?" என்றேன்.

"என் கண் சிவக்கும்" என்றாள் லலிதா. குப்பியும் குழாயும் அவள் பைக்குள் போய்விட்டன.

மறுநாள் முதல் ஸ்ரீவராகம் பேட்டையில் எங்கள் அகத்துக் கிணற்றடி ரசாயன சாலையாயிற்று. நான் குழாயை நீட்டுவேன். அவள் மூக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூன்று துளி விடுவாள். மூன்றாம் நாளே சிவந்தது. என் கல்யாணத்தில்கூட அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

இன்னொரு சங்கதியும் சொல்ல வேண்டும். லலிதா ஸ்கூல் பைனல் பாஸ் செய்தவள். கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பெண்பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு டீச்சர் தேவை என்றும், புருஷன் சம்மதம் எழுதிக் கொடுத்தால் அவளை எடுத்துக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார்கள். நான் மூன்று தரம் முடியாது என்று சொல்லிவிட்டேன். சர்க்காரின் ஹஜூர் கச்சேரி ஹெட் கிளார்க்கின் பெண்டாட்டி வேலைக்குப் போவதா? கச்சேரியில் என் கௌரவம் என்ன ஆவது?

"கௌரவமும் உடம்போட சேர்ந்து கொஞ்சம் இளைச்சா நன்னாயிருக்கும்" என்றாள். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அதிலேயே நான் ஜாக்கிரதை ஆகியிருக்க வேண்டும்.

பத்து நாள் வெண்ணெய் தின்றேன். பதினோராம் நாள் ஆபீஸ் விட்டு வரும்போது என் கால் சாலைக் கடைத்தெருப் பக்கம் போயிற்று. நான் போகவில்லை, கால் போயிற்று. மீதி உடம்பும் ஒட்டிக்கொண்டிருந்ததால் கூடவே போக வேண்டியதாயிற்று. அங்கே ஒரு ஹோட்டல். இலையில் மஞ்சளாக ஒரு போளி. அதன் தலையில் ஒரு கரண்டி பால்பாயசம். போளியைப் பாயசத்தில் பிசைந்து வாயில் போட்டேன். கண்ணில் ஜலம் வந்துவிட்டது. அந்த ஜலத்தைப் பரிசோதித்திருந்தால் சர்க்கரைதான் இருந்திருக்கும்.

மறுநாள் காலை கிணற்றடியில் மூன்று துளி விழுந்தது. சிவக்கவில்லை.

"ஏன்னா, நிறமே காணோமே?"

"மழைக்காலமோன்னோ? எல்லாம் நீர்த்துப் போயிருக்கும்."

"ஓ. அப்போ கொழுப்பு போறலை. இன்னிக்கு நெய் இன்னும் ரெண்டு கரண்டி."

போளியை விடவும் முடியாது. நெய்யைத் தாங்கவும் முடியாது. அன்று சாயங்காலம் அதே கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கும் கம்பவுண்டர் சிவதாணுவிடம் போனேன்.

"சிவதாணு, ஒரு சந்தேகம். எனக்கில்லை, ஒரு சிநேகிதருக்கு. இந்த இரும்புத் திராவகப் பரிசோதனை நம்பத் தகுந்ததுதானா?"

சிவதாணு என் வயிற்றைப் பார்த்தார். சிநேகிதர் யார் என்று புரிந்துகொண்டார்.

"எங்க சாமி நம்ப! மூட்டு வலிக்கு நாங்க குடுக்கற பொடி ஒண்ணு உண்டு, சாலிசிலேட்டு. அதத் தின்னவன் நீருலயும் இதே போல நெறம் வரும். பெரிய டாக்டர்மாரே ஏமாந்திருக்காங்க பாத்துக்கிடுங்க."

"அப்படியா! அந்தச் சிநேகிதருக்கு மூட்டு வலியும் உண்டு."

"இருக்கும் சாமி. இருக்கும்."

பொட்டலங்களோடு வந்தேன். நாளொன்றுக்கு ஒரு பொட்டலம் போதும் என்றார் சிவதாணு. எனக்கு மனசு கேட்கவில்லை. நிறம் கெட்டியாக வரட்டும் என்று நாளைக்கு நாலு வேளை, வேளைக்கு ரெண்டு பொட்டலம் விழுங்கினேன்.

வந்தது நிறம்! லலிதா குழாயை வெயிலில் தூக்கிப் பிடித்தாள்.

"முந்தி மாதுளம்பழமா இருந்தது. இப்போ நாவல்பழமா இருக்கே."

"எரிச்சல் ஜாஸ்தியாயிருக்கும். ஐ மீன், எரிகிறது ஜாஸ்தி."

"பின்னே? அதுதான் இருக்கும்" என்றாள் சமர்த்தாக.

அப்புறம் நடந்ததே ராஜபோகம். மத்தியானம் போளி. வேளைக்கு வேளை பொடி. காலையில் நாவல்பழம். நான்கு நாள் இப்படிப் போயிற்று. ஐந்தாம் நாள் என் காதுக்குள் ஒரு வண்டு புகுந்தது. ஆறாம் நாள் வண்டு கோயில் மணியாயிற்று. ஏழாம் நாள் இரண்டு காதிலும் தீபாராதனை. வெளி உலகத்தில் யார் என்ன சொன்னாலும் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. கச்சேரியில் மேலதிகாரி என்னைப் பார்த்துக் கத்துவார். நான் புன்னகை புரிவேன். அவரே வெறுத்துப்போய் விட்டுவிட்டார்.

சிவதாணுவிடம் ஓடினேன். அவர் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார்: "பொடியால். நிறுத்தினால் சரியாகும்."

நிறுத்தினால் நிறம் போய்விடுமே! காது கேட்கவில்லை என்று வீட்டில் சொல்லவும் வழியில்லை. ஏன் என்று கேட்பாள். ஆகவே ஒரு யுக்தி செய்தேன். லலிதாவின் வாய் அசைந்து நின்றதும் தலையை ஆட்டுவது. முகத்தில் யோசனை, கண்ணில் கனிவு, ஒரு "சரி, அப்படியே செய்."

அவள் பேசினாள். ஆட்டினேன். பேசினாள். ஆட்டினேன். மறுநாள் என் மாமியார் இரண்டு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாள். ஓஹோ, அதற்குத்தான் ஆட்டினேன் போலிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் தரம் அவள் வெகு நேரம் பேசினாள். கையை ஆட்டிப் பேசினாள். ஒரு இடத்தில் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஒரு காகிதத்தையும் பேனாவையும் நீட்டினாள். அவ்வளவையும் கேட்டதாகத் தலையாட்டிவிட்டு, இப்போது போய்க் காகிதத்தைப் படிப்பதா? தவிர, கச்சேரியில் நான் எந்தக் காகிதத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்? நீட்டி முழக்கிப் போட்டேன்.

அவள் என்னை நமஸ்காரம் செய்தாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

கடைசி மூன்று நாள் ராத்திரிக்கு ஒன்று என்று சிக்கனமாக விழுங்கியும் பொட்டலம் தீர்ந்தது. சிவதாணு கடையைப் பூட்டிக்கொண்டு நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அடுத்த நாள் காலை விழித்தால் காக்கை கரைவது கேட்டது. மாமியார் குறட்டை கேட்டது. பயந்தபடியே கிணற்றடிக்குப் போனேன். ஆனாலும் முந்தின ராத்திரி விழுங்கிய கடைசிப் பொட்டலம் உள்ளேதான் இருக்கும் என்று ஒரு தைரியம்.

அங்கே லலிதா ஒரு ஸ்பிரிட் விளக்கை ஏற்றி வைத்திருந்தாள். பக்கத்தில் டாக்டரின் நர்ஸ் சுசீலாபாய். லலிதாவோடு ஒரே வகுப்பில் படித்தவள்.

லலிதா குழாயை வாங்கினாள். துளி விடவில்லை. விளக்கில் காட்டிக் கொதிக்க வைத்தாள்.

"இதென்ன புதுசா?"

"சுசீலா சொல்லித்தந்தாள். கொழுப்பு எரிஞ்சு வர்ற சரக்கு கொதிச்சா ஓடிப்போயிடுமாம். அப்புறம் திராவகம் விட்டா நிறம் வராது. பொடி தின்னு வந்த சரக்குன்னா, கொதிச்சாலும் நிறம் வரும்."

மூன்று துளி விட்டாள். ஜம்மென்று நாவல்பழம். கொதித்தும் குழாயில் சாயம் வெளுக்கவில்லை. வெளுத்தது என் சாயம்.

"எத்தனை நாளாத் தெரியும் உனக்கு?"

"முதல் நாவல்பழத்திலேயே. அன்னிக்கே சுசீலாவைக் கேட்டுண்டேன்."

"அப்படின்னா அன்னிக்கே கேக்கப்படாதா?"

"அந்தப் பொடி ஜாஸ்தியானா காது அடைச்சுப்போகும்னும் சுசீலா சொன்னாள். சரி, அடைக்கட்டும்னு காத்திண்டிருந்தேன்."

"அந்தக் காகிதம் என்னடீ?"

"பள்ளிக்கூடத்துக்கு உங்க சம்மதம். அன்னிக்கே கொண்டு குடுத்தாச்சு. திங்கக்கிழமை சேரணும்."

"செல்லாது! எனக்கு ஒரு அட்சரம் கேக்கலை!"

"அதையே எழுதிக் குடுங்கோ. போளி தின்னு, பொடி முழுங்கி, காது செவிடாயிருந்த சமயத்தில் போட்ட கையெழுத்துன்னு. ஹெட்மிஸ்டிரஸ் உங்க மேலதிகாரியோட தங்கையாக்கும்."

நான் எழுதிக் கொடுக்கவில்லை.

டாக்டர் மறுபடி தராசில் ஏற்றினார். ஆறு ராத்தல் கூடியிருந்தேன். அவர் குப்பியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "பேசாமல் அளவாகச் சோறே சாப்பிடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

லலிதா காலையில் பாடம் தயார் செய்கிறாள். சோறு வடிப்பது நான். நேற்று கொஞ்சம் குழைந்துவிட்டது. ‘இனிமேல் சாதத்தைக் குழைய விடமாட்டேன்’ என்று ஐம்பது தரம் இம்போசிஷன் கொடுத்திருக்கிறாள், முப்பத்தேழு எழுதியாகிவிட்டது.