அஞ்சறைப்பெட்டியில் துத்தநாகம்

அஞ்சறைப்பெட்டியை வைத்துக்கொண்டு அதிலிருந்து ஒரு கடுகைக்கூட வெடிக்கவிடாத பெண், புதுச்சேரி முழுக்கத் தேடினாலும் ஒருத்திதான் கிடைப்பாள். அவள் எங்கள் தையல் கடையில் எனக்கு எதிர் மெஷினில் உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு அப்பா அம்மா வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டோடு சரி. எங்களுக்கெல்லாம் அவள் ‘அஞ்சறை’தான்.

ரெட்டியார்பாளையத்தில் மெயின் ரோட்டை ஒட்டிய சந்தில், ஒரு மாடியில் இருக்கிறது எங்கள் கடை. ரவிக்கையும் சுடிதாரும் தைக்கிறோம். துணி வெட்டும் மாஸ்டர் ஒருவர்தான் ஆண். மற்ற எல்லோரும் பெண்கள். நான் ஹூக் கட்டி, ஹெம்மிங் செய்கிறவள். பத்தாவதோடு படிப்பு நின்றது. பேச்சு அதற்கும் முன்பே நின்றுவிட்டது. கேட்டால் பதில் சொல்வேன், அவ்வளவுதான். அதனால் அவள் எனக்கு வைத்த பெயர் ‘ஊமக்கா’.

அவள் கடையில் சேர்ந்த அன்றே சாப்பாட்டு நேரத்தில் வட்டமான எவர்சில்வர் அஞ்சறைப்பெட்டியை எடுத்து நடுவில் வைத்தாள். பருப்புப் பொடி, இட்லிப் பொடி கொண்டுவந்திருக்கிறாள் போல என்று எல்லோரும் தட்டை நகர்த்தினோம். மூடியைத் திறந்தாள். கடுகு இருக்க வேண்டிய கிண்ணத்தில் டி வைட்டமின். சீரகத்தின் இடத்தில் ஜிங்க் என்கிற துத்தநாகம். மிளகுக்குப் பதில் மெக்னீசியம். மஞ்சள் கிண்ணத்தில் பி காம்ப்ளெக்ஸ், வாசனையோடு. வெந்தயத்தின் இடத்தில் முடி கொட்டாமல் இருக்க ஒரு மாத்திரை. இன்னொன்றில் ஃபோலிக் ஆசிட். நடுக்கிண்ணத்தில் தங்கக் கலரில் பளபளவென்று மீன் எண்ணெய்க் குளிகைகள். இது போதாதென்று, இனோசிட்டால் என்று ஒரு பொடிப் பொட்டலம் மூடியின் உள்பக்கம் ரப்பர் பேண்டில் தொங்கியது.

“என்னாடி இது, இத்தினி மாத்திரை?” என்றாள் ஓவர்லாக் மெஷினில் இருக்கும் செல்வி.

அஞ்சறைக்குக் கோபம் வந்துவிட்டது. “மாத்திரைன்னு சொல்லாதக்கா. மாத்திரை சீக்காளிங்க சாப்புடறது. இது சத்து.”

இந்த வித்தியாசத்தில் அவள் கடைசிவரை உறுதியாக இருந்தாள். பின்னால் வந்த வினையெல்லாம் இதில்தான் வந்தது.

அவளுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி. எல்லோரும் பிசிஓடி என்கிறார்களே, அது. அந்த வார்த்தையை நான் என் வீட்டுக்காரரிடம் சொல்லவே சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொல்வேன். அவளோ மாஸ்டர் கேட்க, தெருவே கேட்கச் சொல்வாள். “எனக்கு மாசாமாசம் வராதுக்கா. அதுக்கா தோணும்போது வரும். ஒரு வாட்டி தீவாளிக்கு வந்துட்டுப் போனது, பொங்கலுக்குக்கூட எட்டிப் பாக்கல.” கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகியும் குழந்தை இல்லை. மாமியார் ஒன்றும் சொல்வதில்லையாம். “சொல்லித் தொலச்சாலாவது திருப்பிப் பேசலாம். சும்மா என் வயித்தையே பாக்குது” என்பாள். அதைச் சொல்லும்போது மட்டும் மெஷினை நிறுத்தமாட்டாள். இன்னும் வேகமாக மிதிப்பாள்.

செல்போனில் ஒரு வீடியோ பார்த்தால் பெட்டியில் ஒரு கிண்ணம் நிரம்பும். வெயிலில் டி வைட்டமின் இருக்கிறது என்று ஒரு வீடியோ சொன்னதும், உச்சிவேளையில் மொட்டைமாடிக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். எதிர்வீட்டு அம்மா வடகம் காயவைக்க வந்தவர், இவளைக் காக்கா விரட்ட நிறுத்திய ஆள் என்று நினைத்து, “நல்லா பாத்துக்கோம்மா” என்று சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டார்.

தான் மட்டும் தின்றால் பரவாயில்லை. ஒரு நாள் மாஸ்டர் கெண்டைக்கால் இழுக்கிறது என்று சொல்லிவிட்டார். உடனே மிளகுக் கிண்ணத்திலிருந்து மெக்னீசியம் கொடுத்தாள். ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டார். மாஸ்டருக்கு ஒரு சித்தப்பா பிரான்சில் இருக்கிறார்; அதனால் நன்றி என்று சொல்லமாட்டார், “மெர்சி” என்றுதான் சொல்வார். “மெர்சிம்மா” என்றார். சாயங்காலத்துக்குள் அவருக்குக் கால்வலி மறந்தே போனது. கத்தரியைப் பிடித்த நேரத்தைவிட பாத்ரூம் கதவைப் பிடித்த நேரம்தான் அதிகம். கல்யாண வீட்டு ரவிக்கைகள் எல்லாம் வெட்டாமல் அப்படியே கிடந்தன.

எனக்குக் கொடுத்தது பி காம்ப்ளெக்ஸ். “நீ சோர்ந்து சோர்ந்து உக்கார்றக்கா.” மறுக்கத் தெரியாமல் வாங்கிப் போட்டுக்கொண்டேன். அடுத்த நாள் காலையில் பார்த்தால் சிறுநீர் மஞ்சளோ மஞ்சள். எனக்கு மஞ்சள் காமாலை என்று முடிவே கட்டிவிட்டேன். யாரிடமும் சொல்ல வெட்கம். வேலியோரம் கீழாநெல்லி பறித்து, அரைத்து மோரில் கலக்கிக் குடித்து, உப்பில்லாமல் சாப்பிட்டு, பிள்ளைகளைப் பார்த்துக் கண்கலங்கிக்கொண்டிருந்தேன். அவளும் விடாமல் தினமும் ஒரு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தாள். நானும் விடாமல் கீழாநெல்லி குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவளாகவே செல்விக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்: “இத்தப் போட்டா ஒண்ணுக்கு மஞ்சளாத்தான் போவும், பயந்துக்காத.” நான் குனிந்து ஹூக் கட்டிக்கொண்டே இருந்தேன். அன்று ராத்திரி வீட்டில் நல்ல காரமாக மீன்குழம்பு வைத்தேன்.

மீன் என்றதும் அவள் அம்மாவைச் சொல்லாமல் விடக்கூடாது. கடலோரக் கனகசெட்டிக்குளத்து அம்மா அது. பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறது. மகளோ மீனைக் கண்டால் மூக்கைப் பொத்துவாள். பிறந்ததிலிருந்து தின்று சலித்துவிட்டதாம். ஒரு நாள் வியாபாரம் முடித்து, வஞ்சிரம் வறுத்து எடுத்துக்கொண்டு அம்மா கடைக்கே வந்துவிட்டது. வந்த நேரம், மகள் நடுக்கிண்ணத்துக் குளிகையை வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னாடி அது?”

“மீன் எண்ணெம்மா. நீர்க்கட்டிக்கு நல்லதாம்.”

அம்மா ஒரு குளிகையை எடுத்து, மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. நசுக்கியது. முகர்ந்தது.

“இது எந்தக் கடல்ல புடிச்சது?”

“வெளிநாட்டு மீனும்மா.”

“எப்ப புடிச்சதாம்?”

“அது எனக்கு எப்படித் தெரியும்?”

“புடிச்ச நாளு தெரியாத மீன நான் நாய்க்குப் போடமாட்டேன். எம்மவ காசு குடுத்து வாங்கித் திங்கறா!” அம்மா எங்களைப் பார்த்துத் திரும்பியது. “நீங்களே சொல்லுங்கம்மா. காலையில துள்ளுன மீனு நாறுதாம், இந்தக் கண்ணாடிக்கோலி மணக்குதாம். இதுக்குத் தலையில்ல, வாலில்ல, முள்ளில்ல. இத நம்பி என் வவுத்துல பொறந்தவ கெடக்கறா.”

வஞ்சிரத்தை நாங்கள் சாப்பிட்டோம். மாஸ்டர் அந்த அம்மாவுக்கு இரண்டு முறை மெர்சி சொன்னார்.

இனி கேசரி விஷயம். சில நாட்கள் அவள் ஒரு பெரிய டப்பா நிறைய முந்திரி போட்டுக் கேசரி கொண்டுவருவாள். தான் தொடமாட்டாள். “எனக்குச் சக்கர ஆவாது, நீங்க சாப்புடுங்க” என்று ஊட்டாத குறையாகக் கொடுப்பாள். என்ன விசேஷம் என்று கேட்டதற்கு என் காதில் சொன்னாள். “வந்துடுச்சிக்கா.” தள்ளிப்போனது வந்துவிட்டால் கேசரி என்று அவளே ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். மற்ற பெண்களுக்கும் சொல்லிவிட்டாள். பாவம், மாஸ்டருக்கு மட்டும் தெரியாது. கேசரி வந்து நாளாகிவிட்டால் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, “என்னம்மா, இந்த மாசம் கேசரி இல்லியா?” என்று கேட்பார். நாங்கள் துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வோம்.

இப்படி இருக்கும்போது, அவள் காட்டிக்கொண்டிருந்த டாக்டரம்மா, ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால் குழந்தைக்கான வைத்தியத்தை ஆரம்பித்துவிடலாம் என்று சொன்னார். பரிசோதனை முடிவு வந்தது. தைராய்டு தாறுமாறாக இருக்கிறதாம். முதலில் அதைப் பார்க்க வேண்டும், மற்றது அப்புறம்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அஞ்சறைப்பெட்டி திறந்த சத்தமே கேட்கவில்லை. மெதுவாகத் திறந்து, ஒவ்வொன்றாக விழுங்கி, மெதுவாக மூடினாள். “இன்னும் எவ்ளோ நாளுதாங்கா காத்துனு இருக்கறது?” என்றாள். என் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து அவள் தட்டில் வைத்தேன்.

அடுத்த முறை டாக்டரிடம் போக, வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை என்று என்னைத் துணைக்கு அழைத்தாள். அவள் பை என் மடியில் இருந்தது. பைக்குள் பெட்டி.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் புரட்டினார். “நெஞ்சு படபடப்பு?” “இல்ல டாக்டர்.” “எடை குறைஞ்சுதா?” “எங்க குறையுது?” “கை நடுக்கம்?” “ஊசியில நூல் கோக்கறேன் டாக்டர்.”

டாக்டரம்மா ரிப்போர்ட்டை மூடிவைத்தார். “நாங்க எழுதிக் குடுத்ததத் தவிர வேற மாத்திரை எதாவது சாப்பிடறீங்களா?”

“ஒண்ணுமே இல்ல டாக்டர்” என்றாள். பொய் சொல்கிற முகமே இல்லை. சாமிமேல் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்திருப்பாள்.

டாக்டர்களிடம் என் சொந்த வயிற்றுவலியையே நான் பாதிதான் சொல்வேன். வாய் வரவில்லை, கை வந்தது. பையிலிருந்து பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்து மூடியைத் திறந்தேன்.

டாக்டரம்மா பெட்டியை எட்டிப் பார்த்தார். “என்னம்மா, தாளிக்கப் போறீங்களா?”

“ஐயோ டாக்டர், அது மாத்திரை இல்ல. சத்து!”

அவர் ஒவ்வொரு கிண்ணமாகக் கிளறி வெந்தயக் கிண்ணத்தில் நிறுத்தினார். “இது என்ன?”

“முடி கொட்டுதுன்னு சாப்புடறேன். இதோ அட்டை.”

அட்டையைப் படித்ததும் டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அதில் பயோட்டின் என்று ஒரு சத்து அதிகமாக இருக்கிறதாம். அது உடம்பில் இருக்கும்போது ரத்தம் எடுத்தால் சில தைராய்டு பரிசோதனைகள் தப்பாகக் காட்டுமாம். “உங்க தைராய்டு நல்லாவேகூட இருக்கலாம். பரிசோதனைதான் ஏமாந்திருக்கு. இத நிறுத்துங்க. சில நாள் கழிச்சு மறுபடி பாக்கலாம்.” ஃபோலிக் ஆசிட் இருக்கட்டும், டி வைட்டமின் ரத்தத்தில் பார்த்து அளவாகத் தருகிறேன், மற்றதை எல்லாம் என்னைக் கேட்காமல் தொடாதீர்கள் என்றார். “சத்தும் அளவுக்கு மிஞ்சினா வினைதாம்மா.”

வெளியே வந்தோம். பஸ்ஸில் அவள் வேறு சீட்டில் உட்கார்ந்தாள். இறங்கும்போதுதான் பேசினாள்.

“இத்தினி வருஷம் வாயத் தொறக்காதவ, அங்க போயி பொட்டியத் தொறக்கறே. என் மானத்த வாங்கிட்டக்கா.”

மறுபரிசோதனை வரும்வரை என்னோடு பேசவில்லை. எதிர் மெஷினிலிருந்து பேச்சு வராத அந்த நாட்கள் எனக்கு எப்படிப் போயின என்று சொன்னால் சிரிப்பீர்கள். எனக்குப் பேச்சு வராதுதான். ஆனால் கேட்டுப் பழகிவிட்டது.

ஒரு நாள் காலை கேசரி டப்பாவோடு வந்தாள். நேரே என்னிடம் வந்து முதல் கரண்டியை என் வாயிலேயே திணித்தாள். “தைராய்டு நல்லாகீதாம்க்கா! வைத்தியம் ஆரம்பிக்கறாங்க!”

மாஸ்டர் மேஜையிலிருந்து எட்டிப்பார்த்தார். “ஏம்மா, போன வாரம்தானே கேசரி குடுத்தே? அதுக்குள்ள மறுபடியுமா? டாக்டர்ட்ட காட்டும்மா.”

கடையில் எல்லா மெஷினும் நின்றது.

“மாஸ்டர்... உங்களுக்குத் தெரியுமா?” என்றாள் செல்வி.

“மூணு பொண்ணப் பெத்தவம்மா நானு” என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி துணி வெட்ட ஆரம்பித்தார்.

அதற்கப்புறம் சில மாதங்கள் கேசரி ஒழுங்காக வந்தது. இப்போது அதைச் சாப்பிடும்போது அவள் முகத்தைப் பார்க்க எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. வைத்தியம் நடக்கும்போது அது வருகிறதே என்று. பிறகு ஒரு மாதம் வரவில்லை. யாரும் கேட்கவில்லை. மாஸ்டர் காலண்டரைப் பார்ப்பார், கத்தரியைப் பார்ப்பார், வாயை மூடிக்கொள்வார். பழைய தள்ளிப்போதல்தானோ என்று எல்லோருக்கும் பயம்.

“எல்லாரும் ஏன் என் டப்பாவையே பாக்கறீங்க?” என்றாள் ஒரு நாள். “இனிமே கொஞ்ச மாசத்துக்குக் கேசரி கெடையாது. டாக்டரம்மா பாத்து உறுதியா சொல்லிட்டாங்க.”

மாஸ்டர் ஐந்தாறு முறை மெர்சி சொன்னார், யாருக்கு என்று தெரியாமல்.

எது பலித்தது என்று இன்றுவரை தகராறு. டாக்டரம்மா, தன் வைத்தியம் என்கிறார். அம்மா, தான் திட்டித் திட்டி ஊட்டிய சுறாப்புட்டு என்கிறது. அவளோ, மொட்டைமாடி வெயில் என்கிறாள். அவள் பெற்ற மகளுக்கு இப்போது பல் முளைத்துவிட்டது. அம்மா வீட்டோடு கனகசெட்டிக்குளத்திலேயே தங்கி, ஊர்ப் பெண்களுக்குத் துணி தைக்கிறாள்.

பிரசவத்துக்குக் கிளம்பும்போது அஞ்சறைப்பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். “நீதானே தொறந்த, நீயே வெச்சிக்க.” இப்போது அதில் கடுகும் சீரகமும் இருக்கின்றன. மஞ்சள் கிண்ணத்தில் மட்டும் என்ன போட்டாலும் பி காம்ப்ளெக்ஸ் வாசனை போவதில்லை. ரசம் மருந்து மாதிரி இருக்கிறது, அந்தக் கிண்ணத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் என்ன என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். தேய்க்கிறேன் என்கிறேன். தேய்ப்பதில்லை.