வெற்றுத்தாளுக்கு ஒரு முத்திரை

மாணவர் அறிவிப்புப் பலகையின் நட்டநடுவே ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. அதில் ஓர் எழுத்துகூட இல்லை. அதைவிடப் பெரிய கொடுமை, முத்திரையும் இல்லை.

பல்கலைக்கழக அலுவலகக் கண்காணிப்பாளருக்குக் காலையில் குடித்த காப்பி நெஞ்சிலேயே நின்றுவிட்டது. அவர் முத்திரை குத்தாமல் அந்தப் பலகையில் ஓர் ஈ உட்கார்ந்தாலும் அவருக்குப் பொறுக்காது. மாணவர்கள் அவருக்கு வைத்த பெயரே 'முத்திரை'தான். பலகைக்கான விதிகளைப் பன்னிரண்டு பக்கத்துக்கு எழுதிய மகானும் அவரே. பதினொரு மணிக்குப் பதிவாளர் பார்வையிட வருகிறார். அதற்காக வெள்ளிக்கிழமை சாயங்காலமே துப்புரவு அக்காவிடம் ஒட்டடை, கறை, ஓட்டை உடைசல் என்று நீளமாக ஒப்பித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருந்தார். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வந்து பார்த்தால் இப்படி.

யார் வேலை என்று யோசிக்கவே இல்லை. பெற்ற மகளின் வேலைதான்.

மகள் அங்கேயே இரண்டாம் ஆண்டு படித்தாள். வகுப்பு முடிவது நாலரை மணிக்கு. நூலகத்தை மூடுவதும் நாலரை மணிக்கு. 'நூலகத்தை எட்டு மணி வரை திறந்து வையுங்கள்' என்று எழுதி முத்திரைக்குக் கொண்டுவந்தாள். எழுத்து பெரிதாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். சின்னதாக எழுதி வந்தாள். உத்தரவு போடுகிற மாதிரி இருக்கிறது என்றார். 'தயவுசெய்து' சேர்த்து வந்தாள். அப்படியானால் இது கோரிக்கை, கோரிக்கைப் பெட்டியில்தான் போட வேண்டும் என்றார். அந்தப் பெட்டியின் சாவி தொலைந்து மூன்று வருஷம். தொண்டை வரை தாள் நிரம்பி, இனி ஒரு துண்டுச்சீட்டுகூட உள்ளே போகாது.

அன்றிலிருந்து மகள் அவரிடம் பேசவில்லை. பதினொரு நாள். 'சாப்பிட்டியாம்மா' என்று கேட்டால், 'தங்கள் கேள்வி பரிசீலனையில் உள்ளது' என்று எழுதிய சீட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். மனைவியும் கட்சி மாறிவிட்டாள். சட்டைக்குப் பொத்தான் தைக்கச் சொன்னதற்கு விண்ணப்பத்தை மூன்று பிரதிகள் கேட்டாள். இரண்டாயிரம் பேரின் வாயை அடைத்த மனிதருக்கு வீட்டில் பேச ஓர் ஆள் இல்லை. வெளியே காட்டிக்கொள்ளவில்லையே தவிர, பதினொரு நாளாக அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தாளைக் கிழித்துவிடலாம் என்று கையை நீட்டினார். ஏழாம் விதி குறுக்கே வந்தது. எந்தத் தாளை அகற்றினாலும் அதிலுள்ள வாசகத்தையும் ஆட்சேபத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும். வாசகம் என்ற கட்டத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதினார். ஆட்சேபம் என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. ஒன்றுமே சொல்லாததில் எதை ஆட்சேபிப்பது? பதிவாளர் படித்தால் மானம் போகும்.

பிறகு பளிச்சென்று ஒரு யோசனை வந்தது. முத்திரை இல்லாததுதானே குற்றம், குத்திவிட்டால் தீர்ந்தது. 'அனுமதிக்கப்பட்டது, முப்பது நாள் செல்லும்' என்று நச்சென்று ஒரு குத்து. கையெழுத்தும் போட்டார். திரும்பினால் பின்னால் பத்து மாணவர்கள்.

"சார், வெள்ளைத்தாளுக்கு அனுமதி உண்டா?" என்று கேட்டான் ஒரு நெட்டை மாணவன்.

"முறைப்படி வந்தா உண்டு" என்றார் அவர், கெத்து குறையாமல்.

வாய் சும்மா இருந்திருக்கலாம். கால் மணி நேரத்தில் அவர் அறைக்கு வெளியே நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாள். ஒருவருக்குக் கொடுத்த அனுமதியை இன்னொருவருக்கு மறுக்கக் கூடாது என்பது நாலாம் விதி. குத்தினார். மை தீர்ந்தது. பக்கத்து அறையில் மை கடன் வாங்கிக் குத்தினார். வரிசையில் கடைசியாக மகள் நின்றாள்.

"எதுக்கும்மா இதெல்லாம்?"

அவள் பையிலிருந்து அந்தப் பரிசீலனைச் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். தயாராகவே கொண்டுவந்திருந்தாள்.

நாற்பது தாள்களும் பலகையில் விளிம்போடு விளிம்பாக ஏறின. நடுவில் அந்த முதல் தாள். அதற்கப்புறம்தான் எல்லோரும் பேனாவை எடுத்தார்கள். நூலகம் எட்டு மணி வரை வேண்டும் என்று மகள் எழுதினாள், எழுத்து நன்றாகப் பெரிதாகவே. கோரிக்கைப் பெட்டியை உடைக்கச் சொன்னான் நெட்டையன். 'எனக்கு இப்போ சொல்ல ஒண்ணும் இல்ல, ஆனா தோணினா சொல்லலாம்ல' என்று எழுதியது ஒரு புண்ணியவதி.

கண்காணிப்பாளர் மூச்சிரைக்க ஓடிவந்து, முத்திரை குத்திய பிறகு எழுதக் கூடாது என்றார். எந்த விதி என்று கேட்டார்கள். பன்னிரண்டு பக்கத்தையும் புரட்டினார். அப்படி ஒரு விதி இல்லை. வெற்றுத்தாளுக்கு முத்திரை குத்துகிற ஒரு முட்டாள் இருப்பான் என்று எழுதும்போது அவருக்குத் தோன்றவில்லை. ஆத்திரத்தில் கிழிக்கவே கையை ஓங்கினார்.

"ஒன்பதாம் விதி" என்றாள் மகள். "முத்திரை குத்தின தாளை முப்பது நாளைக்கு ஒட்டினவங்களைத் தவிர யாரும் தொடக் கூடாது. நீங்க எழுதினதுதான், அப்பா."

விதி அவர் காதில் விழவில்லை. 'அப்பா' மட்டும் விழுந்தது. ஓங்கிய கையைக் கொண்டுபோய் என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்துப் பதிவாளர் வந்து சேர்ந்தார். பலகையைப் படித்தார், முகம் சிவந்தது. வெற்றுத்தாளுக்குத் தடை என்று உடனே சுற்றறிக்கை அடிக்கச் சொன்னார். அடித்துக் கொண்டுவந்தால் ஒட்ட இடம் இல்லை. பலகையில் ஒட்டாத எதுவும் செல்லாது, முதல் விதி. முப்பது நாள் காத்திருக்கலாம் என்றால், தேர்வு அட்டவணை இன்றைக்குள் ஒட்டியாக வேண்டும். தவறினால் தேர்வே செல்லாது.

அட்டவணைக்கு இடம் விடத் தயார் என்றார்கள் மாணவர்கள். பதிலுக்கு, பலகைக்கு இனி முத்திரை வேண்டியதில்லை என்றும் நூலகம் எட்டு மணி வரை என்றும் எழுத்தில் வேண்டும்.

பதிவாளர் கண்காணிப்பாளரைப் பார்த்தார். பன்னிரண்டு பக்கம் எழுதிய கை இப்போதாவது ஒரு வழி சொல்லும் என்று அவருக்கு நம்பிக்கை.

கண்காணிப்பாளர் மகளைப் பார்த்தார். அவளும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதிக் கொடுத்துடலாம் சார்" என்றார். "எனக்கும் வீட்டுல பேசணும்."

பதிவாளர் முறைத்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். தாழ்வாரமே அதிர்ந்தது. யாரோ கண்காணிப்பாளரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் முத்திரையை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, கோரிக்கைப் பெட்டிச் சாவி போன இடத்துக்கே இந்தச் சாவியையும் அனுப்பிவைத்தார்.

"சாயங்காலம் நூலகத்துக்கு வாங்கப்பா" என்றாள் மகள். "எட்டு மணிக்குச் சேர்ந்தே வீட்டுக்குப் போலாம்." பதினொரு நாள் கழித்து அவருக்கு நன்றாகப் பசித்தது.

அட்டவணைக்கு நடு இடத்தையே கொடுப்பதென்று முடிவாயிற்று. நடுவில் இருந்ததோ அந்த முதல் தாள். ஒட்டியவர்தானே எடுக்க முடியும்? நான்தான் ஒட்டினேன் என்று இதற்குள் மூன்று வீரர்கள் கிளம்பியிருந்தார்கள். ஒருவன் பேச்சே தயாரித்து வைத்திருந்தான். மகளைப் பார்த்தார் கண்காணிப்பாளர். தான் இல்லை என்று அவள் தலையாட்டினாள்.

துடைப்பமும் கையுமாகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த துப்புரவு அக்கா, யாரையும் கேட்காமல் அந்தத் தாளை ஓர் இழுப்பில் உரித்தெடுத்தார்.

"இதுக்கா இவ்வளவு கூட்டம்? பதிவாளர் வர்றாரு, பலகையில கரையான் அரிச்ச ஓட்டையை எதையாவது ஒட்டி மறைச்சு வைன்னு வெள்ளிக்கிழமை நீங்கதானே சார் சொன்னீங்க?"