கஜானா காலி என்று சொல்ல வராத வாய்

'முடியாது' என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. நல்ல குணம் என்று நினைத்துவிடாதீர்கள். இருபது வருடம் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருந்ததில் வந்த கோளாறு. மேலதிகாரி எதைக் கேட்டாலும் எங்கள் ஆபீஸில் பதில் இரண்டுதான்: 'பண்ணிடலாம் சார்', 'ஃபைல் போட்டுடறேன் சார்'. இரண்டாவது சொன்னால் அது நடக்காது என்று அர்த்தம். அது அவருக்கும் தெரியும்.

இது தெரியாத ஒரு சினிமா டைரக்டர் என்னிடம் வந்து மாட்டிக்கொண்டார். மாநிலத்தின் கஜானா காலியாகி, அடுத்த மாதச் சம்பளத்துக்குப் பணமில்லாமல் அதிகாரிகள் தவிப்பதுதான் அவர் படத்தின் கதை. வடக்கனந்தல் பக்கம் பூட்டிக்கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தைத் தலைமைச் செயலகமாக்கி, கல்வராயன் மலை தெரியாதபடி ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தார்கள். அசல் அதிகாரி முகம் ஒன்று வேண்டுமாம். அவர்களுக்குச் சாப்பாடு சப்ளை செய்த என் மச்சான், என் முகத்தையும் சேர்த்து சப்ளை செய்துவிட்டான்.

எனக்கு ஒரே ஒரு வசனம்: "கஜானாவுல பணம் இல்ல சார். சம்பளம் குடுக்க முடியாது." ஒரு வாரம் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். பால்காரர் வரைக்கும் செய்தி போய்விட்டது. மகள் தன் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். வசனம் போனால் மானம் போகும் என்கிற நிலைமை.

செட்டுக்குள் போனால் எனக்குப் பார்க்கிறதெல்லாம் அதிசயம். ஃபைல்களில் தூசி இல்லை; பிரித்தால் உள்ளே எல்லாம் வெள்ளைத்தாள். பெரிய அதிகாரிகள் நின்ற இடத்திலேயே ஒரு நிமிடத்தில் முடிவெடுத்தார்கள். "இந்த முடிவுக்கு ஃபைல்ல யாரு சார் நோட் எழுதுனது?" என்று ஆர்வமாகக் கேட்டேன். டைரக்டர் தலையைச் சொறிந்தார்.

நிதிச் செயலாளராக நடித்தவர் உள்ளே வந்தார். நான் எழுந்துவிட்டேன்.

"கட்! சார், நீங்க உக்காந்தே இருக்கணும்."

மறுபடி வந்தார். மறுபடி எழுந்தேன். மூன்றாம் முறை நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நாற்காலியோடு எழுந்தேன். கடைசியில் எல்லோருமே நிற்பதுபோல் காட்சியை மாற்றினார்கள்.

"அடுத்த மாசம் சம்பளம் போட முடியுமா?" என்று செயலாளர் உறுமினார்.

"பண்ணிடலாம் சார்."

"கட்! பணமே இல்ல சார், எப்படிப் பண்ணுவீங்க?" என்றார் டைரக்டர்.

(அதைத் தெரிந்துகொள்ள எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.)

பதினோராவது டேக்கில், "ஃபைல் போட்டுடறேன் சார்" என்றேன். வேடிக்கை பார்த்த கூட்டத்திலிருந்து என் மனைவி செல்வியின் குரல் வந்தது.

"இன்னாங்க, காசு இல்லன்னு சொல்றதுக்கா இம்மாம் நேரம்? இருபதாந்தேதி ஆனா நான் உங்களாண்ட அதத்தான சொல்லிக்கினு இருக்கேன்!"

டைரக்டர் திரும்பினார். "எங்க, நீங்க சொல்லுங்கக்கா."

செல்வி கையிலிருந்த பையை என்னிடம் கொடுத்துவிட்டு, செயலாளரை மேலும் கீழும் பார்த்தாள். "கஜானாவுல பணம் இல்ல. சம்பளம் குடுக்க முடியாது." 'சார்' கூடப் போடவில்லை. அவர் நிஜமாகவே ஓரடி பின்வாங்கினார். என் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அவளுக்கு மாட்டி, என்னை அவளுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். கேமரா முன்னாலும் ஒரே டேக்கில் முடித்தாள். எனக்கு அழுகை வந்தது. பெருமையில் வந்ததென்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்; உண்மையில் அது பச்சைப் பொறாமை.

கள்ளக்குறிச்சி தியேட்டருக்குத் தெருவே திரண்டு வந்தது. திரையில் செல்வி 'முடியாது' என்கிறாள். அவளுக்குப் பின்னால் மங்கலாக நான், 'பண்ணிடலாம்' என்பதுபோல் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் மகள் அந்த இடத்தில் படத்தை நிறுத்திக் காட்டுகிறாள்.

போன வாரம், புது ஃபோன் ஒன்று வாங்கலாமா என்று மெல்லக் கேட்டேன். செல்வி அடுப்பிலிருந்து திரும்பாமலே அந்த வசனத்தைச் சொன்னாள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எதற்கு என்று குனிந்து பார்த்தபிறகுதான் தெரிந்தது: நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.