ஒன்பது எம்பி கல்யாணம்

கம்பியூட்டர் தெரியும் என்று மார்தட்டுகிறவனை நம்பாதீர்கள். நான் அப்படித் திரிந்தவன். (மூன்று மாதக் கோர்ஸ். அதிலும் பாதி நாள் ஊரடங்கு.)

சண்டைக் காலம். கண்டியில் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. கனடாவில் இருந்த அண்ணனால் வர முடியவில்லை. அகதி வழக்கு இழுத்துக்கொண்டிருந்தது. அவன் அம்மாவைப் பார்த்து ஒன்பது வருஷம். கல்யாண வீடியோ சீடியைத் தபாலில் போட அம்மாவுக்குப் பயம். எவன் பிரித்து என்ன கேட்பானோ! “ஈமெயில்ல அனுப்புறேன்” என்று கிளம்பினேன்.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு நெட் கபே. மடவளை ஊர் முஸ்லிம் அண்ணன் ஒருவர் நடத்தினார்; நானா என்றுதான் கூப்பிடுவோம்.

“தம்பி, இது எழுநூறு எம்பி. மெயில்ல பத்துக்கு மேல ஏறாது.”

“சுருக்குவோம் நானா.”

“சுருக்கினா மாப்பிள்ளையும் பொண்ணும் ஒண்ணாத்தான் தெரிவாங்க.”

“கல்யாணம்னா அதுதானே நானா!”

படத்தைத் தீப்பெட்டி அளவுக்குக் குறைத்தேன். சத்தத்தை எடுத்தேன், மேளம் ஊமையானது. அப்பவும் கூடுதல். வெறி வந்து வெட்டத் தொடங்கினேன். வாசல், பந்தி, கும்பல் எல்லாம் எதற்கு? மேடையும் தாலியும் போதும். நாலு நிமிஷம், ஒன்பது எம்பி. ஒரு முழுக் கல்யாணம் டெலிபோன் வயருக்குள் நுழைந்து கனடாவுக்குப் போவதை வாயைப் பிளந்து பார்த்தேன்.

மறுநாள் அண்ணன் போனில் கூப்பிட்டான்.

“மாப்பிள்ளைக்கு மூக்கே இல்லையாடா?”

“இருக்கு. சுருக்கினதுல போயிருச்சு.”

“சரி, அம்மா எங்கடா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா செத்துப்போனதால் அம்மாவை மேடையில் ஏறவிடவில்லை எங்கள் சொந்தக்காரர்கள். பெற்றவள் மேடைக்குப் பின்னால், பந்திக்குப் போகும் கதவோரம் நின்றே மகள் கல்யாணத்தைப் பார்த்தாள். நான் வெட்டி எறிந்த இடமெல்லாம் அம்மா நின்ற இடம். அவர்கள் மேடையை விட்டுத் தள்ளினார்கள். மடையன் நான், கல்யாணத்தை விட்டே தள்ளிவிட்டேன்.

“அண்ணே, அது வந்து...”

“இரு. ரெண்டாவது நிமிஷத்துல, அரிசி போட ஆளுக விலகுறப்ப, பின்னால வெள்ளையா நாலு கட்டம் தெரியுது. குனிஞ்சு கண்ணைத் தொடைக்குது. அம்மாதானே?”

நான் நம்பவில்லை. கபேக்கு ஓடி, சீடியில் அதே இடத்தைப் பார்த்தேன். அம்மாதான். வெள்ளைச் சேலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதே மண்டபத்தில் நின்ற நான் அதைப் பார்க்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தவன் நாலு கட்டத்தில் கண்டுபிடித்துவிட்டான்.

அன்றே இன்னொரு மெயில் போனது. ஒன்பது எம்பியும் அம்மா மட்டும்.

பிறகு வழக்கு முடிந்து, என் கல்யாணத்துக்கு அண்ணன் வந்தான். அம்மாவைக் கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றினேன். பெரியப்பா, “வழக்கமில்லையேப்பா” என்று தொடங்கினார். கீழே கேமராவோடு நின்ற அண்ணன் கத்தினான்:

“அம்மா, நடுவுல வாங்க! ஓரமா நின்னா இவன் வெட்டிருவான்!”

மண்டபமே சிரித்தது. பெரியப்பாவும் சிரித்து வாயை மூடிக்கொண்டார். இன்றும் எங்கள் வீட்டில் யாராவது போட்டோ எடுத்தால் முதலில் அம்மாவைத்தான் நடுவில் இழுக்கிறார்கள். கேமராவை மட்டும் என்னிடம் தருவதில்லை.