கரை சுத்தமாக இருக்க வேண்டுமா?

ஏழு கடலுக்கும் அப்பால் என்று சொல்லிவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. ஆகவே, ஏழு கடலுக்கும் அப்பால் அலைக்கோட்டை என்றொரு நாடு இருந்தது. அந்நாட்டின் கடற்கரை எல்லோருக்கும் பொது. படகு வாங்க வசதியில்லாத வேலாச்சி தினமும் காலையில் அங்கே நின்று தூண்டில் போடுவாள். நாலு கிழங்கான் மீன் சிக்கினால் வீட்டில் குழம்பு. சிக்காவிட்டால் வெறும் கஞ்சி.

விடுமுறை நாட்களில் தலைநகரத்திலிருந்து தூண்டில் சங்கத்தார் வந்து இறங்குவார்கள். சங்கத் தலைவர் மன்னரின் மைத்துனர். அவர்கள் பிடித்துப்போகும் மீனைவிட விட்டுப்போகும் குப்பைதான் அதிகம்: அறுந்த நைலான் நரம்பு, தூண்டில் முள், நாறும் இரை, உடைந்த பாட்டில். மறுநாள் வேலாச்சியும் அவள் தெருவில் வசிக்கும் பெண்களும் அத்தனையையும் பொறுக்கி ஓர் ஓரமாகக் குவித்த பிறகுதான் தூண்டிலைத் தொடுவார்கள். குப்பைக்கு நடுவே நின்று மீன் பிடிக்க அவர்களுக்கு மனம் வராது.

ஒருநாள் மைத்துனரின் காலிலேயே ஒரு தூண்டில் முள் ஏறியது. அவர் போட்ட முள்தான். அரண்மனை கொந்தளித்தது. கரைப் பரிபாலன மந்திரி பரிவாரத்தோடு வந்தார். குப்பைக் குவியலைக் கண்டார். பக்கத்தில் நின்ற வேலாச்சியையும் கண்டார்.

"குப்பை இவ்விடத்தில் உள்ளது. நீயும் இவ்விடத்தில் உள்ளாய். அரசுக்கு வேறென்ன சான்று வேண்டும்?"

"ஐயா, இது நாங்க பொறுக்கி வச்சதுய்யா. போட்டது அவுக."

"பொறுக்கியதை ஒப்புக்கொள்கிறாள். குறித்துக்கொள்ளுங்கள்."

மாலையே ஆணை வந்தது. கையில் குப்பையோடு பிடிபடுபவரே அதைப் போட்டவராகக் கருதப்படுவார். அதன்பின் யார் குனிவார்கள்? குப்பை பெருகியது. வேலாச்சி புகார் சொல்லப் போனாள். உடனே அடுத்த ஆணை: கரையில் குப்பை இருப்பதாகச் சொல்வது நாட்டை அவமதிக்கும் குற்றம். கண்ணாடி குத்திக் குழந்தைகளின் பாதம் கிழிந்தபோது, மக்களின் ஒழுங்கீனத்தால் கரை பாழானது என்று மந்திரி மனம் வருந்தி அறிக்கை விட்டார்.

ஆனாலும் மக்களைக் கேட்காமல் எதையும் செய்யாதவர் மன்னர். வாக்கெடுப்பு நடத்தினார். கேள்வி ஒன்றே ஒன்று: 'கரை சுத்தமாக இருக்க வேண்டுமா?' வேண்டாம் என்று எவன் சொல்வான்? வேலாச்சி முதல் ஆளாக வரிசையில் நின்று, 'வேண்டும்' என்று குத்திவிட்டு நிம்மதியாக வீடு திரும்பினாள்.

மறுவாரம் கரை நெடுகக் கம்பிவேலி. வாசலில் ஒரு காவலாளி. உள்ளே, 'கரைக் காவலர்' என்று பட்டம் பெற்ற தூண்டில் சங்கத்தார் பாட்டில்களைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

"குப்பை போட்டவுகளே உள்ள இருக்காக. எங்கள ஏன்யா விட மாட்டேங்கிற?"

"சுத்தமா இருக்கணும்னு நீங்கதானம்மா ஓட்டுப் போட்டீங்க?"

"சுத்தம் வேணும்னுதான சொன்னேன்! என்னைய வெளியே தள்ளச் சொன்னேனா?"

காவலாளி வேறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

அடுத்த நாள் தெருவில் தண்டோரா ஒலித்தது. "மகா ஜனங்களே! ஊர்க் கிணற்றுத் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டுமா? நாளை வாக்கெடுப்பு!"

"வேண்டும்! வேண்டும்!" என்று தெருவே கூவியது. வேலாச்சி மட்டும் வீட்டிலிருந்த குடம், பானை, அண்டா ஒன்று விடாமல் வாரிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள்.