வசந்தியோட லெப்டொப்ப நான் கழட்டிப் பூட்டின கதை

போன புதன்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. வீட்டம்மாவோட பழைய லெப்டொப்புக்கு ப்ராசசரும் ரேமும் மாத்தணும்.

அவ்வளவுதாங்க.

நான் மோகன். லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலை பெக்டரியில பிட்டர். கொழுந்து உருட்டுற ரோலர் நின்னாலும் சரி, காய வைக்கிற டிரையர் நின்னாலும் சரி, "மோகனக் கூப்பிடு"ன்னுதான் சத்தம் வரும். இதுல எனக்கு ஒரு வியாதியே வந்துருச்சு. ஸ்க்ரூ உள்ள எந்தச் சாமானப் பாத்தாலும் கை துறுதுறுங்கும்.

வீட்டம்மா வசந்தி முன்பள்ளி டீச்சர். ரெண்டு வருஷமா டிப்ளோமா படிச்சா. கடைசியா ஒரு வாய்மொழிப் பரீட்சை பாக்கி. சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு, சூம்ல. படமெல்லாம் போட்டுக் காட்டி இருபது நிமிஷம் பேசணும். அதுல பாஸானாத்தான் டிப்ளோமா. இல்லாட்டி இன்னும் ஒரு வருஷம் காத்துக் கெடக்கணும்.

பிள்ளைங்களுக்கு எப்படிச் சொல்லிக் குடுக்குறதுன்னு ரெண்டு மாசமா உக்காந்து அந்தப் படங்களச் செஞ்சா பாவம்.

செவ்வாக்கிழமை ஒத்திகை பாத்தா. சூமத் திறந்து, முதல் படத்தப் போட்டதும் லெப்டொப் அப்படியே உறைஞ்சு போச்சு. திரையில வசந்தி வாயத் திறந்தபடி நிக்கிறா. இந்தப் பக்கம் நெஜ வசந்தியும் வாயத் திறந்தபடி நிக்கிறா.

"ஏங்க, ப்ராசசரும் ரேமும் மாத்தினா ஓடுமாம். ஹட்டனுக்குக் கொண்டுபோயி மாத்திட்டு வாங்க."

"ரேம்னா?"

"ஞாபக சக்தி."

"ப்ராசசர்னா?"

"மூளை. வாங்குறதுதான் வாங்குறீங்க, உங்களுக்கும் ஒண்ணு வாங்கிப் போட்டுக்கிட்டு வாங்க."

சரின்னு புதன்கிழமை ஹட்டன் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஒரு முஸ்லிம் அண்ணன் கம்பியூட்டர் கடை வச்சிருக்காரு. நானான்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம். லெப்டொப்பத் திருப்பிப் பாத்தாரு, அடியில இருந்த நம்பர வாசிச்சாரு, உள்ள போயி ஒரு பழைய ப்ராசசரும் ரெண்டு ரேமும் எடுத்துக்கிட்டு வந்தாரு.

"இது ரெண்டும் பொருந்தும் தம்பி. வச்சிட்டுப் போங்க. திங்கக்கெழம பூட்டித் தாரேன்."

திங்கக்கிழமையா! சனிக்கிழமை பரீட்சையாச்சே!

இத நானாகிட்ட சொன்னேனா? சொல்லல. ஏன் சொல்லல? கௌரவம்! ஊரு மெஷினையெல்லாம் நான் பாக்குறேன், என் வீட்டு மெஷினுக்கு இன்னொருத்தர்கிட்ட போயி கெஞ்சுறதா?

"சாமானக் குடுங்க நானா. நானே பூட்டிக்கிறேன்."

நானா என்ன ஏற இறங்கப் பாத்தாரு. "கழட்டிப் பழக்கமா?"

"ரோலரையே தனியாக் கழட்டிப் பூட்டினவன் நான்."

"ரோலர் வேற, இது வேற தம்பி."

"ஆமா நானா. அது பெருசு."

அவரு சின்ன ஊசி மாதிரி ஒரு குழாயக் கையில குடுத்தாரு. உள்ள சாம்பல் நிறத்துல ஒரு பசை. "ப்ராசசர் மேல இது வைக்கணும். சூடு ஏறாம இருக்கும். ஒரு அரிசி அளவு போதும். விளங்குதா? ஒரு அரிசி."

விளங்கிச்சுன்னு தலைய ஆட்டினேன். அப்ப விளங்கித்தான் இருந்துச்சு.

வியாழக்கிழமை வேலை முடிஞ்சு வந்ததும் ஆரம்பிச்சேன். போன்ல வீடியோ ஓடுது. பேசுறவன் ஹிந்தியில பேசுறான். நமக்கென்ன, கையப் பாத்தாப் போதும். அவன் கழட்டக் கழட்ட நானும் கழட்டினேன். ஒரு இடத்துல அவன் வீடியோவ வெட்டி அடுத்ததுக்குப் போயிட்டான். நான் நிப்பாட்டாம கழட்டிக்கிட்டே இருந்தேன்.

வசந்தி முன்பள்ளியில இருந்து வந்தா. குடைய மடக்கிக்கிட்டே மேசையப் பாத்தா.

"ஏங்க, என் லெப்டொப் எங்க?"

"இந்தா, மேசையில."

"எது?"

"எல்லாம்."

அவ உக்காந்துட்டா. "நானா பூட்டித் தரலியா?"

"அவருக்கு நேரமில்ல. பயப்படாத, உன் படமெல்லாம் உள்ள ஹார்ட் டிஸ்க்க முதல்லயே கழட்டி அலமாரி மேல வச்சிட்டேன்."

ஒரு நல்ல காரியம் செஞ்சேன்ல? நல்லா ஞாபகம் வச்சுக்கங்க. இந்தக் கதையில நான் செஞ்ச நல்ல காரியம் அது ஒண்ணுதான்.

பழைய ப்ராசசர எடுத்தாச்சு. புதுச வச்சாச்சு. அடுத்தது பசை. ஒரு அரிசி அளவு வச்சேன். பாத்தேன். மனசு கேக்கல. பெக்டரியில ஒரு பெயரிங்குக்கு கிரீஸ் வைக்கிறதுன்னா கையால அள்ளித்தான் அப்புவோம். கிரீஸ்ல கஞ்சத்தனம் பண்ணினா மெஷின் நம்மளக் கைவிட்டுரும். அது எங்க தொழில்ல வேதம். இந்த நானா கடைக்காரரு, எதையும் அளந்துதானே குடுப்பாரு!

குழாய் காலியாகுற வரைக்கும் அமுக்கிட்டேன்.

மேல மூடியப் பூட்டி, நல்லா இறுக்கி, பட்டன அமுக்கினேன். விசிறி சுத்திச்சு. வெளக்கு எரிஞ்சுச்சு. திரை மட்டும் கறுப்பு.

"என்னங்க, ஒண்ணும் வரல?"

"வரும். புது மூளைல்ல, யோசிக்குது."

பத்து நிமிஷமாகியும் யோசிச்சு முடிக்கல. திரும்பக் கழட்டினேன். பசை நாலா பக்கமும் வழிஞ்சு, ப்ராசசர் உக்காருற சின்னச் சின்ன ஓட்டைக்குள்ள எல்லாம் எறங்கிக் கெடக்கு.

இந்த எடத்துல புத்தியுள்ள ஒருத்தன் நிப்பாட்டியிருப்பான். நான் பிட்டர்! பெயரிங் அழுக்கானா பிட்டர் என்ன செய்வான்? மண்ணெண்ணெய்ல கழுவுவான்!

தட்டுல மண்ணெண்ணெய ஊத்தி, மதர்போர்ட உள்ள வச்சு, பழைய பல்லு ப்ரஷால தேச்சேன் பாருங்க, அப்படி ஒரு தேய்ப்பு. விசிறியையும் விடல. பசை சுத்தமாப் போயிருச்சு. பளபளன்னு ஆகிருச்சு.

"வசந்தி, வந்து பாரு!"

அவ வாசக்கதவு வரைக்கும் வந்து மூக்கப் பொத்திக்கிட்டா. "நாளன்னிக்கு எனக்குப் பரீட்சைங்க." அத மட்டும்தான் சொன்னா. திட்டியிருந்தாக்கூட எனக்கு நல்லா இருந்திருக்கும்.

கழுவியாச்சு, இனி காயணும். எங்க காயும்? மூணு நாளா விடாத மழை. கொடியில போட்ட சட்டையே திங்கக்கிழமையில இருந்து தொங்குது. அடுப்புக்கிட்ட வைக்கலாம்னா மண்ணெண்ணெய். வீட்டோட போயிரும்.

அப்பத்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு.

பெக்டரி மேல்மாடியில கொழுந்து வாட்டுற தொட்டிங்க இருக்கு. நீள நீளமா, அடியில கம்பி வலை. வலைக்குக் கீழ இருந்து பெரிய விசிறி சூடு காத்த ஊதிக்கிட்டே இருக்கும். பச்சைக் கொழுந்த விடியுறதுக்குள்ள துணி மாதிரி தொவள வச்சிரும். கையகல மதர்போர்டு எம்மாத்திரம்!

வெள்ளிக்கிழமை காலையில அத லஞ்ச் பையில வச்சுக் கொண்டுபோனேன். ப்ராசசரும் ரேமும் ஒரு சின்ன டப்பாக்குள்ள, சட்டைப் பையில. நாலாந் தொட்டியில கொழுந்து வாடிக் கெடந்துச்சு. மத்தியானம் வரைக்கும் அத எடுக்க மாட்டாங்கன்னு என் கணக்கு. மூலையில மதர்போர்ட வச்சேன். டீமேக்கர் ஐயா கண்ணுல பட்டா வம்பாச்சேன்னு மேல ரெண்டு கை கொழுந்த அள்ளிப் போட்டு மூடினேன்.

எங்க பெக்டரியில டீமேக்கர்னா தேயிலைத்தூள் தயாரிக்கிறதுக்கெல்லாம் பொறுப்பானவரு. அவரு மூக்குக்குத் தப்பி ஒரு தூளும் வெளிய போகாது.

கீழ டிரையர் பெல்ட் அறுந்துருச்சுன்னு கூப்பிட்டாங்க. போனேன். ஒரு மணித்தியாலம் ஆச்சு. கையத் தொடச்சிக்கிட்டு மேல வந்தேன்.

நாலாந் தொட்டி காலி!

காலின்னா, கூட்டிப் பெருக்கின காலி. டிரையர் நின்ன நேரத்துல சும்மா இருக்க வேணாம்னு, நாலாந் தொட்டிக் கொழுந்த முதல்லயே தள்ளிட்டாங்களாம். வாடின கொழுந்து மேல்மாடி ஓட்டை வழியா, துணிக் குழாய்க்குள்ள விழுந்து நேராக் கீழ ரோலருக்குத்தான் போகும். ரோலர் என்ன செய்யும்னு எனக்குத் தெரியாதா? நான்தானே அதுக்கு பிட்டர்!

படியில நான் எறங்கல. விழுந்தேன்னு சொல்லலாம்.

ரோலர்கிட்ட பண்டு நிக்கிறான். சிங்கள ஆளு, என் வயசுதான், நல்ல கூட்டாளி. ரோலர் நெறைய கொழுந்து. அவன் கை சுவிட்ச்சுக்குப் போகுது.

"பண்டு! எப்பா! எப்பா!" வேணாம் வேணாம்னு சிங்களத்துல கத்தினேன்.

"மொக்கத மச்சாங்?" என்னடான்னு திகைச்சுப் போயிட்டான்.

"உள்ள வசந்தியோட பரீட்சை இருக்கு!"

அவனுக்கு ஒண்ணும் புரியல. ஆனா என் மூஞ்சப் பாத்து கைய எடுத்துட்டான். சுத்தமான ஒரு படங்கு, அதான் தார்ப்பாய், அத விரிச்சு, ரோலர்ல இருந்த கொழுந்து அத்தனையையும் அள்ளிப் போட்டோம். ஆறு பேரு குந்திக்கிட்டுத் தேடுறோம். என்ன தேடுறோம்னு ஒருத்தன் கேட்டான். "பச்சையா, தட்டையா ஒண்ணு"ன்னேன். அவன் என்னப் பாத்தான், கொழுந்தப் பாத்தான், திரும்ப என்னப் பாத்தான்.

கொழுந்து முழுக்க அலசியாச்சு. இல்ல!

ரெண்டு வருஷப் படிப்பு! வீட்டுல போயி எந்த மூஞ்ச வச்சுக்கிட்டு நிப்பேன்?

பண்டுதான் துணிக் குழாய்க்குள்ள தலைய விட்டுப் பாத்தான். மடிப்புல சிக்கிக்கிட்டு ஒரு மூலை தெரியுது. கைய விட்டு இழுத்தான். வந்துருச்சு! நான் அவனக் கட்டிப் புடிச்ச நேரம் பாத்து பின்னால ஒரு செருமல்.

டீமேக்கர் ஐயா.

"என்ன மோகன், புது ரகக் கொழுந்தா?"

பண்டு கையில இருந்து மதர்போர்ட வாங்கி மூக்குக்கிட்ட கொண்டுபோனாரு. நான் கண்ண மூடிக்கிட்டேன்.

"மண்ணெண்ணெய்!"

அடுத்து அவரு குந்திட்டாரு. படங்குல இருந்த கொழுந்த ஒவ்வொரு கையா அள்ளி மோந்து பாக்குறாரு. வாசம் புடிச்சுதுன்னு நாலு கை கொழுந்தத் தனியா எடுத்துக் குப்பையில போடச் சொன்னாரு. மிச்சத்துக்கு ஒண்ணும் ஆகல.

"ஐயா, வீட்டம்மாவுக்கு நாளைக்குப் பரீட்சை. இது காயலன்னு..."

மதர்போர்ட என் கையில வச்சிட்டுப் போயிட்டாரு. அவரு திட்டினா எனக்குப் பயமில்ல. பேசாமப் போனாத்தான் பயம்.

அரை நாள் லீவு சொல்லிட்டு, வீட்டுக்குப் போயி, அலமாரி மேல இருந்த ஹார்ட் டிஸ்க்கோட எல்லாத்தையும் பையில அள்ளிக்கிட்டு ஹட்டன் பஸ் ஏறினேன். பக்கத்துல உக்காந்தவரு தலவாக்கலையிலயே எழும்பி வேற சீட்டுக்குப் போயிட்டாரு.

ஜும்ஆ தொழுகை முடிஞ்சு வந்து நானா கடையத் திறக்குற வரைக்கும் வாசல்ல நின்னேன். அவரு பைய விரிச்சுப் பாத்தாரு. ஒரு சின்னக் கொறட்ட எடுத்து, ப்ராசசர் உக்காருற இடத்துல இருந்து ஒரு எலைய உருவினாரு.

"தம்பி, தண்ணி ஊத்தின லெப்டொப் பாத்திருக்கேன். எறும்பு குடியேறின லெப்டொப் பாத்திருக்கேன். கொழுந்து மொளச்ச லெப்டொப் இப்பத்தான் பாக்குறேன்."

"நானா, நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வீட்டம்மாவுக்குப் பரீட்சை. ரெண்டு வருஷப் படிப்பு. எப்படியாச்சும்..."

நானா நிமிந்து பாத்தாரு. "இத ஏன் புதன்கெழம சொல்லல? அப்பவே ஒக்காந்து பூட்டித் தந்திருப்பேனே!"

தரையப் பாத்துக்கிட்டு நின்னேன்.

ஒரு மணித்தியாலம் தொடச்சாரு, ஊதினாரு, பூட்டினாரு. வேற பசை எடுத்து வச்சாரு. சத்தியமா ஒரு அரிசி அளவுதான். பட்டன அமுக்கினதும் திரை வெளிச்சமாச்சு. நான் நானா கையப் புடிச்சுக்கிட்டேன். அவரு கைய மெதுவா உருவி, மோந்து பாத்துட்டு, சோப்பு தேடப் போனாரு.

சனிக்கிழமை பத்து மணி. வசந்தி சேலை கட்டி, பொட்டு வச்சு உக்காந்தா. நான் கதவுக்குப் பின்னால நிக்கிறேன். லெப்டொப்பத் தொடக்கூடாதுன்னு உத்தரவு. சூடு ஏற ஏற விசிறியில இருந்து மண்ணெண்ணெய் வாசம் கெளம்புது. அவ மூஞ்சில ஒரு சுளிப்பு இல்ல. முதல் படம் வந்துச்சு. ரெண்டாவது வந்துச்சு. இருபது நிமிஷமும் ஒரு தடவகூட உறையல. கேட்ட கேள்விக்கெல்லாம் டக்கு டக்குன்னு பதில்.

கடைசியில பரீட்சகர் அம்மா சிரிச்சுக்கிட்டே, "பாஸ், வாழ்த்துகள்"ன்னாங்க.

எனக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க. வசந்தி திரும்பிப் பாத்தா. மண்ணெண்ணெய் வாசம் கண்ண எரிக்குதுன்னு சொல்லிட்டேன்.

திங்கக்கிழமை வேலைக்குப் போனதும் கையில ஒரு கடிதம் குடுத்தாங்க. கொழுந்து வாட்டும் தொட்டியில் சொந்தப் பொருளை வைத்ததற்கான காரணத்தை எழுத்தில் தரவும்னு டீமேக்கர் ஐயா கையெழுத்தோட.

சாயந்தரம் வசந்திகிட்ட குடுத்து, "நீயே டைப் பண்ணிக் குடு"ன்னேன். நான் பக்கத்துல உக்காந்து காரணத்த அடுக்குறேன். மழை, ஈரம், நானாவோட திங்கக்கிழமை, ஹிந்தி வீடியோ, டிரையர் பெல்ட். அவ எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டா. கேட்டுட்டு ஒரே ஒரு வரி டைப் பண்ணினா:

"எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டேன்."

கையெழுத்து மட்டும் நான் போட்டேன்.