துவக்கண்ணை துவக்கு வாங்கப் போன கதை

ஒரு பொருளை வாங்குவதற்கு முன் துவக்கண்ணையைப் போல ஆராய்ச்சி செய்கிற மனிதர் உலகத்தில் இன்னொருவர் இருக்க முடியாது. இருந்தால் அவர் இன்னும் ஆராய்ந்துகொண்டிருப்பார். வெளியே வந்து நம் கண்ணில் பட்டிருக்க மாட்டார். ஒரு சோடிச் சப்பாத்துக்காக ஸ்காபரோவில் இருக்கிற கடையெல்லாம் ஏறி இறங்கி, கடைசியில் முதல் கடைக்கே திரும்பி வந்து, அங்கே மலிவு விற்பனை முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, அடுத்த மலிவு விற்பனை வரும்வரை கிழிந்த சப்பாத்தோடு பனிக்குள் நடந்தவர் அவர். அப்படிப்பட்டவர் துவக்கு, அதாவது துப்பாக்கி, வாங்க வெளிக்கிட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மோர்னிங்சைட் பக்கத்தில் ஒரு மட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். அவர் பெட்டி மடிக்கிற மெசினில், நான் லொறியில் ஏற்றுகிற பக்கம். துவக்கண்ணை என்ற பெயர் பிற்பாடு வந்தது. அதற்கு முன்னால் இருந்த பெயரை இப்போது அவருடைய சம்பளச் சீட்டு மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு வாத்து. கனடா வாத்தைத் தூரத்தில் நின்று பார்த்தால் சாதுப் பிராணி என்று தோன்றும். வசந்தம் வந்து முட்டையிட்டுவிட்டால் அதன் குணமே மாறிவிடும். எங்கள் தொழிற்சாலையில் கார் நிறுத்துகிற இடத்து ஓரத்தில் ஒன்று முட்டையிட்டுவிட்டு, அந்த நிலம் முழுவதும் தனக்குச் சீதனமாக எழுதித் தந்தது போல நடந்துகொண்டிருந்தது. ஒரு மத்தியானம் அண்ணை தன் காரடியில் நின்று சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். உள்ளே புட்டும் முட்டைப்பொரியலும். முட்டைப்பொரியலைக் கண்டு அந்த வாத்துக்கு என்ன தோன்றியதோ, கழுத்தை நீட்டிக்கொண்டு பாய்ந்தது. அண்ணை காரைச் சுற்றி ஓடினார், வாத்தும் ஓடியது. அவர் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தியபோது புட்டு வெளியே, ஒரு சப்பாத்தும் வெளியே. வேலையாட்கள் எல்லோரும் வாசலில் நின்று பார்த்தோம். உதவிக்கு ஒருவரும் போகவில்லை. பாதிப் பேர் வீடியோ எடுத்தார்கள்.

வாத்து போனபிறகு அண்ணை கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"சிரியுங்கோடா, நல்லாச் சிரியுங்கோ! உதில ஒண்டைச் சுட்டு, கறி வைச்சு, உங்கள் எல்லாருக்கும் சோறு போடாட்டி நான் மனிசனில்லை!"

எங்கள் போர்மன் கெவின் இதை யாரோ மொழிபெயர்த்துச் சொல்லக் கேட்டு, பகிடி என்று நினைக்காமல் முறையாகப் பதில் சொன்னான். நகரத்துக்குள் சுடக்கூடாது, இலையுதிர்காலத்தில்தான் பருவம், அதற்கு ஒரு வகுப்பு இருக்கிறது, சோதனை இருக்கிறது, லைசென்ஸ் எடுக்கவேண்டும். ஸ்ரௌவ்விலுக்கு வடக்கே தன் மாமனாரின் சோளவயலில் வாத்துகள் கூட்டமாக இறங்கும். சொந்தத் துவக்கோடு வந்தால் கூட்டிப்போகிறேன் என்றான். அன்றைக்கே அண்ணை வகுப்புக்குக் காசு கட்டிவிட்டார். சோதனையிலும் பாஸ். துவக்குக்கென்று ஒரு பட்ஜெட்டும் போட்டார். நாலு குளிர்கால டயர் வாங்குகிற காசு. அதற்கு மேல் ஒரு சதம் கிடையாது.

அதன்பிறகு எங்கள் சாப்பாட்டு அறை பள்ளிக்கூடமாகிவிட்டது. அண்ணை ஒரு மட்டையை நிமிர்த்திவைத்து மாக்கரால் படம் கீறுவார். நாங்கள் வாயில் சோற்றோடு பாடம் கேட்போம்.

"தனிக்குழல் எண்டிறது சைக்கிள் மாதிரித் தம்பி. மலிவு. பழுதாகாது. ஆனா ஒரு வெடிதான். அது தப்பிச்சுதோ, வாத்து திரும்பிப் பாத்துச் சிரிச்சுப்போட்டுப் போகும்."

"அப்ப இரட்டைக்குழல் வாங்குங்கோவன்."

"மேலயும் கீழயுமா ரெண்டு குழல் வைச்சது கலியாணக் கார். வடிவெண்டா வடிவு. விலையைக் கேட்டா எங்கட நெஞ்சு வெடிக்கும், பேந்து துவக்கு வெடிக்கத் தேவையில்லை."

"பழசு ஒண்டு பாக்கலாமே?"

"பழசு மலிவுதான். ஆனா இஞ்ச வாத்துக்கு ஈயக்குண்டு போடேலாது, சட்டம். இரும்புக்குண்டு போடவேணும். உந்தப் பழைய குழலுகள் இரும்பைத் தாங்காது. வாத்துக்கு வைச்ச வெடி எங்கட மூஞ்சையில வெடிக்கும்."

"தானா ஏறுறது ஒண்டு இருக்காமே?"

"இருக்கு. ஒண்டு வெடிக்க அடுத்தது தானா ஏறும். தோளில அடி குறைவு. ஆனா விலை கூட, ஒவ்வொருக்காலும் கழட்டித் துடைக்கவேணும். அவ்வளவு ஊழியம் நான் மாமியாருக்கே செய்யேல்லை."

கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, மாப்பிள்ளையின் பெயரைச் சொல்வது போலச் சொல்வார்: "பம்ப்."

கையால் முன்னும் பின்னும் இழுத்தால் அடுத்த தோட்டா ஏறுகிற வகை அது. மூன்று வெடி வைக்கலாம். மழைக்கும் சேற்றுக்கும் அசையாது. எல்லாவற்றுக்கும் மேலே, பட்ஜெட்டுக்குள் வரும். சரி, முடிவு எடுத்துவிட்டார் என்று நாங்கள் கையைக் கழுவிக்கொண்டு எழும்புவோம். அடுத்தநாள் வந்து பார்த்தால் மட்டையில் மறுபடியும் தனிக்குழல் கீறியிருக்கும். "ராத்திரி யோசிச்சனான். மூண்டு வெடி எண்டா மூண்டு தோட்டாக் காசு" என்பார்.

ஒருமுறை அவர் படம் கீறிய மட்டை தவறிப்போய் மெசினுக்குள் ஏறி, பெட்டியாகி, லொறியிலும் ஏறிவிட்டது. போய்ச் சேர்ந்த இடம் குழந்தை உடுப்பு விற்கிற கம்பனி. பெட்டியின் பக்கவாட்டில் பம்ப் துவக்கின் படமும், அம்புக்குறி போட்டு 'இங்கே இழுக்கவும்' என்ற தமிழும் இருந்தன. அங்கிருந்து ஒரு அம்மணி கெவினைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்ட கேள்விகளை, பாவம், அவன் அப்படியே கொண்டுவந்து எங்களிடம் கேட்டான். அன்றிலிருந்து சாப்பாட்டு அறைக்குள் மாக்கர் கொண்டுபோகத் தடை. அண்ணை கவலைப்படவில்லை, நிலம் துடைக்கிற தடியைத் தோளில் வைத்து, தொழிற்சாலைக் கூரைக்குள் அகப்பட்டுக்கொண்ட ஒரு குருவியைக் குறிபார்த்துப் பழகத் தொடங்கினார்.

வீட்டு நிலைமை வேறு. அண்ணை ஊரிலிருந்து முதல் வந்த ஆட்களோடு கனடாவுக்கு வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே அறைக்குள் பலபேரோடு படுத்தெழும்பியவர். அவருடைய மனைவி பவளக்கா கலியாணம் பேசி எத்தனையோ வருஷம் கழித்து வந்தவர். இடையில் ஊரில் யுத்தம் நடந்த காலம் முழுவதும் இவர் இங்கே, அவர் யாழ்ப்பாணத்தில்.

துவக்கு லைசென்ஸ் விண்ணப்பத்தில் மனைவி கையெழுத்துப் போட ஓர் இடம் உண்டு. போடாவிட்டால் அரசாங்கமே மனைவிக்கு அறிவித்துவிடும். இந்தச் சட்டத்தை எழுதியவருக்குக் குடும்ப வாழ்க்கையில் நல்ல அனுபவம் இருந்திருக்கவேண்டும். விண்ணப்பத்தில் அண்ணையைத் தெரியும் என்று ஒப்பமிடுகிறவர்களில் நானும் ஒருவன் என்பதால் அந்த வழக்கு நடந்தபோது பக்கத்தில் இருந்தேன்.

"கண்டறியாத துவக்கு! நான் துவக்குக் கண்டது காணும். ஊரில சந்திக்குச் சந்தி கண்டனான்" என்றார் பவளக்கா.

"அது ஆமிக்காரன்ர துவக்கு. இது பறவை சுடுறதுக்கு."

"துவக்குக்குத் தெரியுமே எது பறவை, எது மனிசர் எண்டு?"

அண்ணை எழும்பிப்போய்ச் சட்டி பானை கழுவினார். அடுத்தநாளும் கழுவினார். குசினிப் பாத்திரங்கள் அந்த மாதம் மினுங்கியது போல அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கடைசியில் அக்கா பேனையை எடுத்தார்.

"உவர் வாங்கமாட்டார் தம்பி. ஒரு குடை வாங்க உவருக்கு ரெண்டு மாரி போனது. கையெழுத்துத்தானே, போட்டுவிடுறன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அண்ணையைப் பார்த்தார். "ஆனா ஒண்டு. வாங்கிறண்டைக்கு நானும் வருவன். என்ர கண்ணால பாத்து, என்ர மனம் ஓமெண்டாத்தான் உது வாசல் தாண்டும். இல்லாட்டி இல்லை."

அண்ணை தலையாட்டினார். வகுப்பு, சோதனை, லைசென்ஸ், பட்ஜெட் எல்லாம் ஒருபக்கம். அக்காவின் மனம் மற்றப்பக்கம். இனி எல்லாம் அதில்தான் தங்கியிருந்தது.

அப்படியே இரண்டு பருவம் போனது. மூன்றாவது பருவத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலை அண்ணை எனக்கு அழைப்பெடுத்தார். "தம்பி, உடன வெளிக்கிடும். போன வருஷத்துப் பம்ப் கழிவில போகுது, நல்ல மலிவு. நீரும் வாரும், அக்காவுக்கு ஒரு துணை."

வடக்கே, பெருஞ்சாலை ஓரத்தில் பெரிய கடை. மீன் தூண்டில், கூடாரம், சப்பாத்து எல்லாம் தாண்டிப் போகவேண்டும். வழியில் தொங்கிய உடுப்பெல்லாம் பச்சையும் மண்ணிறமும் கலந்த வேட்டைக்காரர் உடுப்பு. வாசலில் கலகலவென்று கதைத்துக்கொண்டு வந்த அக்கா, அந்த உடுப்புகளுக்கு நடுவில் பேச்சை நிறுத்திவிட்டு என் பக்கமாக ஒதுங்கி நடந்தார். குளிராக்கும் என்று நினைத்தேன். விற்பனைக்கு நின்ற பொடியன் தலையிலும் அதே பச்சையில் ஒரு தொப்பி.

பொடியன் அண்ணையின் லைசென்ஸைப் பார்த்துவிட்டுத் துவக்கை எடுத்து மேசையில் வைத்தான். கறுப்புப் பிடி, கறுப்புக் குழல். அண்ணை அதைத் தடவித் தடவிப் பார்த்து, பிடியில் ஒரு கீறல் கண்டுபிடித்தார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். பேரப்பிள்ளை பிறந்தது போல ஒரு சந்தோஷம். கீறலைக் காட்டி விலையைக் குறைத்தார். துவக்கு பட்ஜெட்டுக்குள் வந்து, பட்ஜெட்டில் கொஞ்சம் மிச்சமும் வந்தது.

"பாரும், எப்படி?" என்று அக்காவைப் பார்த்துச் சிரித்தார்.

பொடியன், இது எவ்வளவு லேசாக இழுபடுகிறது என்று காட்டுவதற்காக, துவக்கைத் தூக்கிப் பம்பை ஒருதரம் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினான். சறக், சறக்.

அக்கா கைப்பையைத் திறந்தார். தன் கார் லைசென்ஸை எடுத்தார். இரண்டு விரலால் அதன் விளிம்பைப் பிடித்து, படம் வெளியே தெரியும்படி, பச்சைத் தொப்பிப் பொடியனுக்கு முன்னால் நீட்டினார். கண் நிலத்தைப் பார்த்தபடி இருந்தது.

ஊரில் ஆமிக்காரரின் சோதனைச் சாவடியில் அப்படித்தான் செய்யவேண்டும். நானும் அங்கே இருந்து வந்தவன், எனக்கும் தெரியும். துவக்கை இழுக்கிற சத்தம் கேட்டால் அடையாள அட்டை வெளியே வரவேண்டும், தலை நிமிரக்கூடாது.

பொடியனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "உங்களுடையது வேண்டாம் மேடம், உங்கள் கணவருடையதை நான் பார்த்துவிட்டேன்" என்று மரியாதையாகச் சிரித்தான். அக்கா அட்டையைப் பைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல மேசையைப் பார்த்தார். தான் அட்டையை எடுத்ததே அவருக்குத் தெரிந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அண்ணை துவக்கை மெல்ல அப்பால் தள்ளினார். இது வேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். பொடியன் பதறிப்போய் இன்னும் கொஞ்சம் குறைத்தான். வாழ்நாளில் ஒரு கழிவையும் வேண்டாம் என்று சொல்லி அறியாத மனிதர், நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

திரும்பி வரும்போது நான் பின்சீட்டில் இருந்தேன். அக்கா அண்ணையை விடவில்லை.

"இஞ்சேருங்கோ, ஏன் விட்டனீங்கள்? நல்ல மலிவெண்டு சொன்னீங்கள்."

"பம்பில ஒரு பிழை இருக்கு."

"என்ன பிழை?"

"மெக்கானிக்கல். உமக்கு விளங்காது."

"நான் ஓமெண்டு சொல்லத்தான் நிண்டனான்" என்றார் அக்கா. உண்மையாகவே அவருக்குக் கவலை. "எத்தினை நாளா ஆசைப்பட்ட மனிசன்."



திங்கட்கிழமை சாப்பாட்டு அறையில் பம்பின் குறைகளைப் பற்றி முழுநீளச் சொற்பொழிவு நடந்தது. தனிக்குழல் தோளை உடைக்கும், இரட்டைக்குழல் ஆளைக் கடனாளியாக்கும், தானாக ஏறுகிறது பனிக்குள் இறுகும். எங்களைப் போன்றவர்களுடைய காசுக்கு நல்ல துவக்கு இன்னும் செய்யப்படவில்லை என்று தீர்ப்புச் சொன்னார். கெவின் ஒவ்வொரு இலையுதிர்காலமும் வந்து கேட்பான். "இந்த வருஷம் விலை சரியில்லை" என்பார். பொடியங்கள் விடுவார்களா? "அண்ணை, சோறு ரெடி, கறியெங்க?" என்று தட்டை நீட்டுவார்கள். எல்லாப் பகிடியையும் தாங்கிக்கொண்டார்.

ஒருநாள் வேலை முடிந்து தனியாக வரும்போது கேட்டேன். "அண்ணை, உண்மையாச் சொல்லுங்கோ. பம்பில என்ன பிழை?"

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேட்டு நுனியால் துடைத்தார்.

"அவ கார்டை நீட்டேக்க கையைப் பாத்தனீரே?"

"ஓம்."

"நடுங்கேல்லைத் தம்பி. அவ்வளவு பழக்கம்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "அந்த நேரம் நான் இஞ்ச இருந்தனான். அங்க அவ என்ன பட்டவ எண்டு ஒருநாளும் கேட்டதில்லை. நீர் அவவிட்டச் சொல்லிப்போடாதையும்."

போன மாதம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டேன். பவளக்கா எனக்குக் கறி போட்டுக்கொண்டே, வந்திருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி அண்ணையைக் கிழித்துக்கொண்டிருந்தார். "உலகத்தில எந்த மனிசி துவக்கு வாங்கக் கையெழுத்துப் போடுவாள் சொல்லுங்கோ? நான் போட்டனான். கடை வரைக்கும் போனனான். அவன் விலையைக் குறைக்கக் குறைக்க உவர் ஓடி வந்திட்டார். இப்படி ஒரு கஞ்சப் பிரபுவை நான் எங்கையும் காணேல்லை!" எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"என்ன செய்யிறது, காசு எண்டா எனக்கு உயிர்" என்று சொல்லி, அண்ணை எல்லோரையும் விடப் பலமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த மனிதரை எனக்கு நிரம்பப் பிடிக்கும்.